குறைமாதப் பிள்ளையோடை கண் கிளினிக்குக்குப் போறவைக்கு: அலைச்சல் இருக்கு, ஆனா திகதியை விடாதேங்கோ

முதல்லை மார்க்ஸைச் சொல்லிப்போட்டுத் தொடங்குறன். டொக்டர்மாருக்கும் மிஸ்மாருக்கும் (தாதிமாருக்கும்) 5க்கு 5, விளங்கப்படுத்துற விதத்துக்கு அதுக்கு மேலையும் குடுக்கலாமெண்டா குடுப்பன், காத்திருக்கிற இடத்துக்கு 2, திகதி குடுக்கிற ஒழுங்குக்கு 1. நான் கதைக்கிறது வடக்கிலை இருக்கிற ஒரு பெரிய அரச ஆஸ்பத்திரியிலை, குறைமாதத்திலை பிறந்த பிள்ளையளின்ரை விழித்திரையைப் பாக்கிற கிளினிக்கைப் பற்றி. பேரை வேணுமெண்டுதான் போடேல்லை, குறையும் சொல்லவேண்டி இருக்கு, அங்கை வேலை செய்யிற சனத்துக்கு அதாலை ஒரு சங்கடம் வரக்கூடாது. காசெண்டு பாத்தா ஒரு சதமும் எடுக்கேல்லை, எங்களுக்குச் செலவானது பஸ் காசும் ஓட்டோக் காசும் சாப்பாடும்தான்.

என்ரை தங்கச்சிக்கு 29 கிழமையிலையே பிள்ளை பிறந்திட்டுது, நிறை 1,150 கிராம். அவை விசுவமடுப் பக்கம், மனுசன் வயல் வேலை, விதைப்பு நேரத்திலை அவராலை நினைச்சபடி வெளிக்கிட ஏலாது, அதாலை பெரியம்மா நான்தான் கூடப் போய் வந்தன். நான் கிளிநொச்சியிலை ஏ.எல். பிள்ளையளுக்கு உயிரியல் படிப்பிக்கிறன். டொக்டர் சொன்னதுகளைக் கொப்பியிலை குறிச்சுக்கொண்டு வந்து பேந்து தேடி வாசிச்சன், அதையும் சேத்துத்தான் எழுதுறன், ஏனெண்டா ஏன் போகவேணுமெண்டு வடிவா விளங்காட்டில் விடியக்காலமை பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பரந்தனுக்கு வந்து பஸ் ஏற ஆருக்கும் மனம் வராது, வீட்டிலை பெரியாக்களும் விடமாட்டினம், "பிள்ளை நல்லாத்தானே முழிச்சுப் பாக்குது, கண்ணிலை என்ன இருக்கு" எண்டுதான் எங்கடை அம்மாவும் கேட்டவா.

வெளியிலை பாத்தா ஒண்டும் தெரியாது, அதுதான் இதிலை உள்ள பொல்லாத விசயம். விழித்திரை எண்டது கண்ணுக்குப் பின்பக்கம் உள்ள படலம், அதுக்கு ரத்தம் குடுக்கிற குழாயள் தாயின்ரை வயித்துக்குள்ளை 16 கிழமை அளவிலை கண்நரம்பு உள்ளிடுற இடத்திலை இருந்து வெளிக்கிட்டு மெல்ல மெல்ல விளிம்பை நோக்கி வளரும். மூக்குப் பக்க விளிம்புக்கு 36 கிழமை அளவிலை போய்ச் சேரும், காதுப் பக்க விளிம்புக்குப் போக 40 கிழமை ஆகும். அப்ப 29 கிழமையிலை பிறந்த பிள்ளைக்கு விழித்திரையின்ரை வெளிவட்டத்திலை இன்னும் குழாயே இல்லை. அந்த நிலையிலை வயித்துக்குள்ளை இருந்த குறைஞ்ச ஒட்சிசனை விட்டிட்டு வெளிக்காத்துக்கும் மெஷின் ஒட்சிசனுக்கும் பிள்ளை வருது. ஒட்சிசன் கூடினவுடனை, குழாய் வளரச்சொல்லிச் சொல்லுற விஈஜிஎஃப் எண்ட புரதம் குறைஞ்சுபோகும், வளர்ச்சி நிண்டிடும். ஆனா விழித்திரை தன்ரை பாட்டிலை வளந்துகொண்டு போகும், சில கிழமை கழிய ரத்தம் போதாமல் திரும்பவும் அந்தப் புரதத்தை அளவுக்கு மிஞ்சிச் சுரக்கும், அப்ப குழாயள் ஒழுங்கில்லாமல் கண்டபாட்டுக்கு முளைச்சு, கசிஞ்சு, தழும்பாகி, கடைசியிலை விழித்திரையையே இழுத்துக் கழட்டிப்போடும். இதைத்தான் ஆர்ஓபி எண்டு கொப்பியிலை எழுதுவினம். 5 கட்டம் இருக்கு, 5ஆவது கட்டத்துக்குப் போனா விழித்திரை முழுக்கக் கழண்டிட்டுது, அதுக்குப் பிறகு பெரிசா ஒண்டும் செய்ய ஏலாது. முதல் ரெண்டு கட்டத்திலை நிண்டா அனேகமாத் தானாவே மாறும். நடுவிலை, வைத்தியம் செய்தாப் பார்வையைக் காப்பாத்தலாம் எண்ட ஒரு சின்ன இடைவெளி இருக்கு, லேசர் பிடிக்கவேணுமெண்டு முடிவெடுத்தா ரெண்டு மூண்டு நாளுக்குள்ளை பிடிக்கவேணும். திகதி திகதியெண்டு நான் கத்துறது இதுக்குத்தான்.

செக்கப் எப்பிடி நடக்குமெண்டு ஒருத்தரும் எங்களுக்கு முதல்லை சொல்லேல்லை, அதாலை அதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லுறன், தாய்மார் பயந்துபோகக்கூடாது. போனவுடனை நம்பர் எடுத்து, கண்மணியை விரிக்கிற மருந்து விடுவினம். ஒருக்கா விட்டாக் காணாது, கொஞ்ச நேரம் விட்டு விட்டுத் திரும்பவும் விடுவினம், கறுத்த கண் உள்ள எங்கடை பிள்ளையளுக்கு விரிய நேரம் எடுக்குமெண்டு மிஸ் சொன்னவா. ஒவ்வொருக்காலும் கன்னத்திலை வழிஞ்ச மருந்தைப் பஞ்சாலை ஒத்தி எடுத்தவா, ஏனெண்டு கேட்டன், அந்த மருந்து தோலாலையும் மூக்குக்குள்ளாலையும் உள்ளை போனாப் பிள்ளைக்கு ரத்தப் பிரசர் ஏறுமாம், அதாலைதான் பெரியாக்களுக்கு விடுறதிலும் பாக்க ஐதான மருந்தாம். இந்தப் பிரசர்க் கதையை நினைவிலை வைச்சிருங்கோ, பிறகு வாறன்.

உள்ளை கூப்பிட்டாப் பிறகு பிள்ளையை ஒரு துணியாலை கை ரெண்டும் உள்ளை இருக்கத்தக்கனயா இறுக்கிச் சுத்தி, விறைக்கப்பண்ணுற மருந்து ஒரு துளி விட்டு, வளைஞ்ச மெல்லிய கம்பி மாதிரி ஒரு சாமானாலை இமையை விலத்தி வைப்பினம். டொக்டர் தலையிலை லைட் கட்டின ஒரு கருவி போட்டிருப்பார், கையிலை ஒரு வட்டக் கண்ணாடி வில்லை, அதைப் பிள்ளையின்ரை கண்ணுக்கு மேலை பிடிச்சுக்கொண்டு குனிஞ்சு குனிஞ்சு பாப்பார், விளிம்பைப் பாக்கிறதுக்கு ஒரு சின்னக் குச்சி மாதிரி ஒண்டாலை கண்ணின்ரை வெள்ளையை மெதுவா அமத்தித் திருப்புவார். பிள்ளை வீரிட்டு அழும். தங்கச்சி வெளியிலை போட்டா, நான் நிண்டு பாத்தன். மிஸ் ஒராள் சீனித்தண்ணியை நாக்கிலை தொட்டுத் தொட்டு வைச்சுக்கொண்டு மற்றக் கையாலை பிள்ளையின்ரை நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தவா, காலிலை சச்சுரேசன் (ரத்தத்திலை ஒட்சிசன் எத்தினை வீதமெண்டு) பாக்கிற சிவப்பு லைட் கட்டினபடி, அந்த நம்பரையும் ஒரு கண்ணாலை பாத்துக்கொண்டு. ரெண்டு கண்ணும் சில நிமிசத்திலை முடிஞ்சுது. முடிஞ்சவுடனை டொக்டர் ஒரு தாளிலை ரெண்டு வட்டம் கீறி, மணிக்கூடு மாதிரி 1 இலை இருந்து 12 வரைக்கும் குறிச்சு, எந்த மணிக்கும் எந்த மணிக்கும் இடையிலை குழாய் நிக்குதெண்டு பென்சிலாலை கோடு போட்டார். எங்கடை பிள்ளைக்கு ரெண்டு கண்ணும் 2ஆவது வலயம் (குழாய் நடுவிலை இருந்து எவ்வளவு தூரம் போயிருக்கு எண்டது), 2ஆவது கட்டம். "பயப்பிட வேண்டாம் அம்மா, ஆனா அடுத்த கிழமை கட்டாயம் வரவேணும்" எண்டார். கண் கொஞ்சம் சிவந்து வீங்கினது, அடுத்த நாள் சரி. ஒண்டு சொல்லவேணும், செக்கப்புக்குச் சரியா முதல் வயிறு முட்டப் பால் குடுக்காதேங்கோ, அழேக்கை சத்தி எடுத்து மூச்சுக்குழாய்க்குள்ளை போகப்பாக்கும், முடிஞ்சாப் பிறகு அணைச்சு வைச்சுக் குடுங்கோ.

இப்ப விளங்கப்படுத்தினதுக்கு வாறன், இந்தக் கிளினிக்குக்கு நான் இவ்வளவு மார்க்ஸ் போடுறதுக்குக் காரணமே அதுதான். வரிசையிலை அவ்வளவு சனம் இருக்க, தங்கச்சி ஒரு கேள்வி கேட்டவள், "பிபியூவிலை (குறைமாதப் பிள்ளையளை வைச்சுப் பாக்கிற வார்ட்டிலை) இருக்கேக்கை ஏன் டொக்டர் பிரசரையும் ஒட்சிசனையும் அப்பிடி மாறி மாறிப் பாத்தவை, அது நெஞ்சுக்குத்தானே, கண்ணுக்கும் அதுக்கும் என்ன" எண்டு. அவர் எழும்பிப் போ எண்டு சொல்லேல்லை. பேனையை எடுத்து மற்றப் பக்கத்திலை கீறிக் காட்டத் தொடங்கினார். நான் ஏ.எல். பிள்ளையளுக்கு ஓமோன் படிப்பிக்கிறனான், எனக்கே புதுசா இருந்தது.

பெரியாக்களுக்கு ரத்தப் பிரசர் ஏறினாக் கண்ணிலை உள்ள ரத்தக்குழாய் தானாவே ஒடுங்கும், இறங்கினா விரியும், அதாலை விழித்திரைக்குப் போற ரத்தத்தின்ரை அளவு ஒரே மாதிரி இருக்கும். இரணைமடுக் குளத்திலை தண்ணி மட்டம் ஏற ஏறத் துருசை (மதகுக் கதவை) கொஞ்சம் கொஞ்சமா இறக்கி, வாய்க்காலுக்குப் போற தண்ணியை ஒரே அளவிலை வைச்சிருக்கிற மாதிரி. புதுசாப் பிறந்த பிள்ளைக்கு அந்தத் துருசு கீழை இறங்குறது கஷ்டம். ஏனெண்டா அதை மேலை இழுத்துப் பிடிச்சுக்கொண்டிருக்கிற ஒரு பொருள் உடம்பிலை கூடுதலா இருக்கு, புரொஸ்டாகிளாண்டின்.

இது ஓமோன் மாதிரி ஒரு பொருள், ஆனா இன்சுலின் மாதிரி ஒரு சுரப்பியிலை சுரந்து ரத்தத்திலை ஓடித் தூரத்திலை போய் வேலை செய்யிறதில்லை. கலமென்சவ்விலை இருக்கிற அரக்கிடோனிக் அமிலம் எண்ட கொழுப்பமிலத்திலை இருந்து, சைக்கிளோஒக்சிஜினேஸ் எண்ட நொதியம் தேவைப்பட்ட இடத்திலையே இதைச் செய்யும், அந்த இடத்திலையே வேலை செய்து அங்கையே முடிஞ்சுபோகும். ரத்தத்திலை கலந்தாலும் நுரையீரலை ஒருக்காத் தாண்டேக்கையே பெரும்பகுதி அழிஞ்சுபோகும். குறைமாதப் பிள்ளைக்கு நுரையீரலும் முத்தேல்லைத்தானே, அதாலை கூடுதலா மிஞ்சி நிக்கும். ஒரு வகை குழாயை விரிக்கும், இன்னொரு வகை சுருக்கும், எந்த வகை எண்டதோடை அந்தக் குழாயின்ரை சுவரிலை எந்த வாங்கி (அந்தப் பொருள் வந்து ஒட்டி வேலை செய்யிற இடம்) எத்தினை இருக்கு எண்டதையும் பொறுத்துத்தான் நடக்கும். இந்தப் பொருளுகளைப் பற்றின வேலைக்குத்தான் 1982இலை சுவீடனைச் சேர்ந்த பேர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்சன், இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோன் வேன் மூண்டு பேருக்கும் நோபல் பரிசு குடுத்தது. அஸ்பிரின் எப்பிடி வேலை செய்யுதெண்டு, அதாவது இந்தப் புரொஸ்டாகிளாண்டின் உண்டாகிறதைத்தான் அது தடுக்குதெண்டு 1971இலை காட்டினவர் வேன்தான்.

கண்ணிலை இது என்ன செய்யுதெண்டு கண்டுபிடிச்ச வேலையிலை ஒரு முக்கியமான பங்கு கனடாவிலை மொன்றியலிலை நடந்தது, எங்கடை சனம் எத்தினை பேர் இருக்கிற ஊர். சில்வேன் செம்டோப் எண்ட டொக்டரும் அவரோடை இருந்தவையும், பிறந்து கொஞ்ச நாளேயான பண்டிக்குட்டியளிலை பாத்தவை. குட்டியின்ரை பிரசரை ஏத்தினா ஒரு அளவுக்கு மேலை விழித்திரைக்கும் அதுக்குப் பின்னாலை இருக்கிற கோரொயிட் படலத்துக்கும் போற ரத்தம் கட்டுப்பாடில்லாமல் ஏறுது. ஐபுபுரோஃபன் குடுத்துப் புரொஸ்டாகிளாண்டின் உண்டாகிறதைத் தடுத்திட்டுத் திரும்பப் பிரசரை ஏத்தினா அதே குட்டியளின்ரை கண் முந்தியதை விடக் கூடின பிரசரையும் தாங்கி, ரத்தத்தை ஒரே அளவிலை வைச்சிருக்குது. 1991இலை அந்த ஆய்வு வந்தது. பிறகு இன்னும் ஆழமாப் போய்ப் பாத்தா, பிறந்த குட்டியளின்ரை குழாய்ச் சுவரிலை, குழாயைச் சுருக்கப்பண்ணுற வாங்கியள், பிஜிஈ2, பிஜிஎஃப்2அல்பா எண்ட ரெண்டு வகைப் புரொஸ்டாகிளாண்டினுக்கும் உரியதுகள், வளந்த பண்டியை விடக் குறைவு. ஏன் குறைவெண்டா, சுத்திவர இந்தப் பொருள் எந்த நேரமும் கூடுதலா நிக்கிறதாலை கலம் தன்ரை வாங்கியளை உள்ளை இழுத்துக் குறைச்சுப்போட்டுது. பொருளை மருந்தாலை குறைச்சு வைச்சிருந்தா வாங்கியள் திரும்பவும் கூடுது, குழாய் சுருங்கவும் பழகுது. நைத்திரிக் ஒட்சைட்டும் இதோடை சேந்து குழாயை விரிக்கிறதுக்கு நிக்குது. இதை வாசிச்ச அண்டு ராத்திரி எனக்கு நித்திரையே வரேல்லை, அவ்வளவு வடிவான ஒரு ஒழுங்கு, கலம் தன்னைச் சுத்தி இருக்கிறதைப் பாத்துத் தன்னை மாத்துது எண்டதைப் பிள்ளையளுக்குப் படிப்பிக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது.

இதுக்கும் பார்வைக்கும் என்ன தொடர்பெண்டா, கண்ணுக்குப் போற ரத்தத்திலை பெரும்பங்கு கோரொயிட்டுக்குத்தான் போகுது. அங்கை கட்டுப்பாடில்லாமல் ரத்தம் பாஞ்சா விழித்திரைக்குத் தேவையை விடக் கூடின ஒட்சிசன் போய்ச்சேரும், வளந்துகொண்டிருக்கிற இளங்குழாயளை அது சேதப்படுத்தும். அதாலைதான் பிபியூவிலை பிரசரும் ஏறி இறங்கக்கூடாது, சச்சுரேசனும் ஏறி இறங்கக்கூடாது எண்டு மிஸ்மார் அப்பிடிப் பாத்தவை. சொட்டு மருந்து வழியேக்கை பஞ்சாலை ஒத்தினதும் இதோடை சேந்ததுதான்.

எங்கடை பிள்ளைக்கு இன்னொரு இடத்திலையும் இதே பொருள் தலைகாட்டினது. வயித்துக்குள்ளை இருக்கேக்கை நுரையீரலுக்குப் போகாமல் ரத்தத்தைத் திருப்பிவிடுற ஒரு குழாய் இதயத்துக்குப் பக்கத்திலை இருக்கு, பிறந்தாப் பிறகு அது மூடவேணும், குறைமாதப் பிள்ளையளுக்கு மூடாமல் நிக்கும். அதைத் திறந்து வைச்சிருக்கிறதும் புரொஸ்டாகிளாண்டின்தான். பிபியூவிலை ஐபுபுரோஃபன் குடுத்துத்தான் மூடினவை. அப்ப சில பேருக்கு ஒரு யோசினை வரும், எனக்கும் வந்தது, தங்கச்சி டொக்டரிட்டைக் கேட்டவள், ஐபுபுரோஃபன் கண்ணுக்கும் நல்லதெண்டா ஏன் எல்லாக் குறைமாதப் பிள்ளையளுக்கும் குடுக்கக்கூடாதெண்டு. டொக்டர் இதிலை சரியான கடுமையா நிண்டார். சிறுநீரகத்துக்குப் போற ரத்தத்தையும் குடலுக்குப் போற ரத்தத்தையும் பாதுகாக்கிறதும் அதே புரொஸ்டாகிளாண்டின்தான், அதைத் தடுத்தாச் சிறுநீர் குறையலாம், குடலிலை ஓட்டை விழலாம், ரத்தம் கசியலாம். பண்டிக்குட்டியிலை பிரசரை ஏத்திப் பாத்தது வேறை, வைத்தியம் வேறை, ஆர்ஓபிக்கு அது வழக்கமான மருந்தா வரேல்லை. தயவுசெய்து பாமசியிலை நோவுக்குக் குடுக்கிற பாணியை நீங்களாப் பிள்ளைக்குக் குடுக்காதேங்கோ, செக்கப் முடிஞ்சு அழுதாலும் குடுக்காதேங்கோ.

எங்கடை அம்மாவுக்குக் கண்ணிலை பிரசர் (ரத்தப் பிரசர் இல்லை, கண்ணுக்குள்ளை இருக்கிற அழுத்தம்), ராத்திரியிலை லற்றனோப்ரொஸ்ற் சொட்டு விடுறவா. அதுவும் பிஜிஎஃப்2அல்பாவைப் பாத்துச் செய்த மருந்துதான், 1996இலை அமெரிக்காவிலை அனுமதி கிடைச்சது. ஒரே வீட்டிலை அம்மம்மாவுக்குச் சொட்டுப் போத்திலிலை, பேத்திக்கு உடம்புக்குள்ளை. வன்னி வெய்யிலிலை அந்தப் போத்திலைத் திறக்க முதல் ஃபிரிட்ஜிலை வையுங்கோ, அது முக்கியம்.

மிருகங்களிலை ஏன் பாத்தவை எண்டதுக்கும் ஒரு நல்ல காரணம் இருக்கு, எங்கடை சனம் அதைக் கெதியா விளங்கிக்கொள்ளும். எங்கடை பசு கண்டு போட்டா, கண்டு கண்ணைத் திறந்துகொண்டுதான் விழும், கொஞ்ச நேரத்திலை எழும்பித் தாயின்ரை மடியைத் தேடும். நாய்க்குட்டியும் பூனைக்குட்டியும் கண் மூடினபடி பிறக்கும், திறக்க ஒண்டு ரெண்டு கிழமை செல்லும், அதுகளின்ரை விழித்திரைக் குழாயள் பிறந்தாப் பிறகுதான் விளிம்புக்கு வளருது. எலிக்குஞ்சும் அப்பிடித்தான். அப்ப நிறைமாதத்திலை பிறந்த பூனைக்குட்டியின்ரை கண்ணும் குறைமாதத்திலை பிறந்த மனுசப்பிள்ளையின்ரை கண்ணும் ஒரே கட்டத்திலை நிக்குது. லண்டனிலை நோர்மன் அஷ்ரன் 1954இலை பூனைக்குட்டியளைக் கூடின ஒட்சிசனிலை வைச்சுப் பாத்தார், குழாயள் அடைச்சுப்போச்சுது, சாதாரண காத்துக்குக் கொண்டுவர அதுகள் தாறுமாறா முளைச்சுது. அதுக்கு முதல் 1942இலை பொஸ்ரனிலை ரெறி எண்ட டொக்டர்தான் இந்த வருத்தத்தை முதல்லை எழுதினவர், 1951இலை மெல்பேணிலை கேற் கம்பெல் எண்ட அம்மா, ஒட்சிசன் கூடக் குடுத்த பிள்ளையளுக்குத்தான் இது கூட வருது எண்டு காட்டினவா. அந்தக் காலத்திலை உலகம் முழுக்க 10,000 பிள்ளையள் அளவிலை பார்வை இழந்ததா எழுதியிருக்கினம். குழந்தையைக் காப்பாத்த எண்டு குடுத்ததுதான் கண்ணை எடுத்தது. அதுக்காக ஒட்சிசனை ஒரேயடியாக் குறைக்கவும் ஏலாது, 2010இலை வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்விலை சச்சுரேசனை 85 இலை இருந்து 89க்குள்ளை வைச்ச பிள்ளையளுக்குக் கண் பாதிப்புக் குறைவு, ஆனா சாவு கூட, 91 இலை இருந்து 95க்குள்ளை வைச்சதிலை சாவு குறைவு, கண் பாதிப்புக் கூட. உயிரையும் விடேலாது, கண்ணையும் விடேலாது. அதாலைதான் உயிர் தப்பின பிள்ளையள் எல்லாருக்கும் கண் செக்கப் வேணும். பிபியூவிலை அந்த நம்பர் மேலை போனாலும் கீழை போனாலும் மெஷின் கத்துறதைக் கேட்டு எரிச்சல்பட்ட தாய்மாருக்கு இதைச் சொல்லவேணுமெண்டு நினைச்சன்.

இனிக் குறை. காத்திருக்கிற இடம் ஒரு நடைபாதை, வாங்கு காணாது, ஃபான் ஒண்டு, வயதுபோன கற்றராக்ட் ஆக்களும் இருமிக்கொண்டு இருக்கிறவையும் அதே வரிசையிலைதான், 2 கிலோவும் இல்லாத பிள்ளையோடை அங்கை இருக்கிறது சரியான பயம். பால் குடுக்கிறதுக்கு மறைவான இடம் இல்லை, தங்கச்சி சீலைத் தலைப்பாலை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி இருந்து குடுத்தவள். ஒரு சின்ன அறை, ஒரு கதவு, ரெண்டு கதிரை, இவ்வளவும் காணும். மிஸ்மார் தங்களாலை ஏலுமானவரைக்கும் குறைமாதப் பிள்ளையளை முன்னுக்குக் கூப்பிட்டவை, அதைச் சொல்லத்தான் வேணும்.

அதைவிடப் பெரிய குறை திகதி. அடுத்த திகதி ஒரு சின்னத் துண்டிலை எழுதித் தருவினம், அவ்வளவுதான். போன் அடிக்கிற வழக்கம் இல்லை, எங்கடை பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கும் அறிவிக்கிறேல்லை. துணுக்காய்ப் பக்கமிருந்து வந்த ஒரு தாய் எங்களுக்குப் பக்கத்திலை இருந்தவா, மழையிலை துண்டு நனைஞ்சு எழுத்து அழிஞ்சுபோச்சாம், ஆரைக் கேக்கிறதெண்டு தெரியாமல் இருந்து பிந்தி வந்திருக்கிறா. அந்தப் பிள்ளைக்கு அண்டைக்கே லேசருக்கு எழுதினவை. அவாவின்ரை முகத்தைப் பாக்க எனக்கு நெஞ்சு பதறினது. அவவிலை என்ன பிழை, மாரி மழைக்கு றோட்டே இல்லாத ஊரிலை இருந்து, மூத்த பிள்ளையை அயலிலை விட்டிட்டு, ரெண்டு பஸ் மாறி வாற மனுசிக்கு ஒரு போன் கோல் அடிச்சிருந்தாக் காணும். ஒரு கிழமை பிந்தினாலே நிலைமை மாறுற வருத்தத்துக்கு ஒரு துண்டுக் கடதாசியை நம்பி இருக்கிறதை என்னாலை ஏற்க முடியேல்லை, இதைக் கிளினிக்கிலை இருந்த முறைப்பாட்டுப் பெட்டியிலையும் எழுதிப் போட்டன்.

எங்கடை பிள்ளைக்கு 2ஆவது கட்டத்தோடை நிண்டு மெல்லக் குறையத் தொடங்கினது. ஒவ்வொருமுறையும் டொக்டர் அந்தப் பென்சில் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமா வெளியிலை தள்ளிப் போட்டார், கடைசியிலை விளிம்புக்கே போட்டுது. லேசரும் ஊசியும் தேவைப்படேல்லை. தேவைப்படுறவைக்கு, குழாய் போகாத வெளிப்பகுதியிலை லேசர் பிடிப்பினம், அந்தப் பகுதி ஒட்சிசன் கேட்டுக் கூப்பிடுறது நிண்டிடும், இல்லாட்டி விஈஜிஎஃப்பைத் தடுக்கிற ஊசியைக் கண்ணுக்குள்ளை போடுவினம், ஊசி போட்டாப் பிறகும் கனகாலம் விடாமல் வந்து காட்டவேணும், ஏனெண்டா பிந்தித் திரும்பி வரலாம். குறைமாதப் பிள்ளையளுக்குப் பிறகு கிட்டப்பார்வையும் மாறுகண்ணும் வாறது கூட எண்டதாலை எங்களையும் ஒரு வயதிலை திரும்பக் கூட்டிக்கொண்டு வரச்சொல்லியிருக்கினம்.

இந்தச் சேவை கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் மன்னாருக்கும் வரவேணும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விழித்திரை டொக்டர் இல்லையே எண்டு சொல்லுவினம், இருக்கட்டும். இந்தியாவிலை கர்நாடகாவிலை 2008இலை இருந்து, பயிற்சி குடுத்த ஆக்கள் கமராவோடை கிராமப்புற ஆஸ்பத்திரியளுக்குப் போய்ப் பிள்ளையளின்ரை விழித்திரையைப் படம் எடுக்கினம், பெங்களூரிலை இருக்கிற டொக்டர் அதைப் பாத்து, ஆர் வரவேணும் ஆர் வரத்தேவையில்லை எண்டு சொல்லுறார். கிட்வரொப் எண்டு அந்தத் திட்டத்துக்குப் பேர். ஏ9 றோட்டு இருக்கு, போன் சிக்னல் இருக்கு, பிபியூவிலை கைதேர்ந்த மிஸ்மார் இருக்கினம், இஞ்சையும் செய்யலாம். வெளிநாட்டிலை இருந்து ஊருக்கு ஏதேன் செய்யவேணுமெண்டு கேக்கிற சொந்தங்கள் கனபேர் இருக்கிறியள், அப்பிடி ஒரு கமராவைப் பற்றி ஆஸ்பத்திரிப் பணிப்பாளர்மாரோடை ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோ.

அதுவரைக்கும், பிபியூவிலை இருந்து துண்டு வெட்டி வீட்டை அனுப்பேக்கை டயக்னோசிஸ் கார்ட்டிலை (வருத்த விபரம் எழுதித் தாற அட்டையிலை) கண் செக்கப் திகதி எழுதியிருக்கோ எண்டு பாருங்கோ, இல்லாட்டில் அங்கை நிண்டே கேளுங்கோ, பிறந்து 4 கிழமை அளவிலை முதல் செக்கப் நடந்திருக்கவேணும். திகதியைப் போனிலை படம் எடுங்கோ, மனுசனின்ரை போனிலையும் எடுங்கோ, உங்கடை பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிட்டையும் சொல்லி வையுங்கோ. பிள்ளை நித்திரை, மழை, வயல் வேலை எண்டு தள்ளிப்போடாதேங்கோ. வெளிக்கிடேக்கை மாத்துத் துணி கூட ரெண்டு, வெய்யிலுக்கு மூட ஒரு மெல்லிய வெள்ளைத் துணி, ஏனெண்டா கண்மணி விரிஞ்ச பிள்ளைக்குத் திரும்பி வரேக்கை பஸ் யன்னல் வெளிச்சம் சரியாக் கூசும், யன்னல் பக்கம் இருக்காதேங்கோ.